தொண்ணூற்றெட்டில் ஒன்பது

அன்புள்ள அம்மாவுக்கு, உங்கள் மகள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கே எல்லோரும் நலம் என்றுதான் முதல் வரியை எழுதக் கை போனது. ஆனால் இந்தக் கடிதத்தில் நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாக எழுதுவது என்று தீர்மானித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அதனால் அந்த வரியை எழுதவில்லை. பயந்துவிடாதீர்கள். அடுத்த பக்கத்துக்குத் தாவாமல் வரிசையாகப் படியுங்கள். நான் எழுதும் வரிசையில் படித்தால்தான் சரியாகப் புரியும்.

ஞாயிற்றுக்கிழமை போனில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். நான் வாயைத் திறந்தாலே அத்தை என் தொடையைக் கிள்ளுகிறார். போன வாரம் நீங்கள் "ஏன்டி குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டபோது ஜலதோஷம் என்று சொன்னேனே, அது ஜலதோஷம் இல்லை.

அங்கே வேலைக்கு இருந்து நீங்கள் பார்த்துக்கொள்ளும் அந்த வயதான அம்மாள் இப்போது இரவில் தூங்குகிறார்களா? உங்களுக்கும் தூக்கம் கிடைக்கிறதா? எனக்குத் தேர்வு முடிந்துவிட்டது. கணக்கில் விகிதமும் சதவீதமும்தான் அதிகம் வந்தன, நன்றாக எழுதியிருக்கிறேன். ஒழுகிக்கொண்டிருந்த குளியலறைக் குழாயை அத்தை துணி கட்டி நிறுத்தியிருக்கிறார். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, கோபம் குறையவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தொழிற்சாலையில் மருத்துவ முகாம் நடந்தது என்று அப்பா உங்களிடம் சொன்னார். அது பாதிதான். மீதியை நான் சொல்கிறேன். நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய எல்லோருக்கும் மூடி போட்ட ஒரு குட்டி டப்பாவும் ஒரு சிறிய குச்சியும் கொடுத்தார்கள். மலத்தில் கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. குடலில் புற்றுநோய் வந்திருந்தால் இப்படித் தெரியவருமாம். பாட்டில் தொழிற்சாலை முழுவதும் இரண்டு நாள் ஒரே சிரிப்பு என்று அப்பா வந்து சொன்னார். பேக்கிங் பிரிவில் இருக்கும் மாமா, உரக்கப் பாடுவாரே அவர்தான், பாட்டிலை விளக்கில் வைத்துச் சோதிக்கும் அப்பாவிடம் டப்பாவைத் தூக்கிப் பிடித்து, "செக்கரே, இதையும் லைட்டுல வச்சுப் பார்ப்பியா? இது எந்த லாட்டுன்னு லேபிள்ல போடட்டும்?" என்று கேட்டாராம். இருநூற்று இருபத்து நான்கு பேர் டப்பாவைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதில் இருபத்திரண்டு பேரை அடுத்த சோதனைக்கு வரச் சொல்லித் தகவல் வந்தது. அப்பாவும் அதில் ஒருவர்.

அன்று அப்பா வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டுத் தூக்கைச் செருப்பு வைக்கும் அலமாரியில் வைத்தார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சமையலறைக்குள் போனார். அத்தையிடம் மெதுவாகச் சொன்னார். மருத்துவமனையில் கொடுத்த விளக்கத் தாளை அத்தை வாங்கி ஜன்னலோரம் போய்ப் படித்தார். "நூத்துக்குத் தொண்ணூறு சரியாக் காட்டிக்கொடுக்கும்னு போட்டிருக்கேடா தம்பி" என்றார். பிறகு முழங்கால் வலியை மறந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

தொண்ணூறு சதவீதம். எங்கள் மூன்று பேருக்கும் அது ஒரே மாதிரிதான் கேட்டது. அப்பாவுக்கு அந்த நோய் இருக்கிறது என்பதற்குத் தொண்ணூறு, இல்லை என்பதற்குப் பத்து. அம்மா, அந்த இரண்டு நாள் வீடு எப்படி இருந்தது என்று எழுத முயல்கிறேன், சரியாக வரவில்லை. அத்தை ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்துவிட்டார். அப்பா காலையில் முகச்சவரம் செய்தார், அரை மணி கழித்து மறுபடியும் சோப்பு போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். நான் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தில் இருந்தேன். யாரும் அழவில்லை. அழுதிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

மூன்றாம் நாள்தான் அந்தத் தாளை நானே வாங்கி முழுவதும் படித்தேன். என்னை வாத்தியாரம்மா என்று அப்பா கேலி செய்வது இதற்குத்தான், அச்சடித்தது எதுவானாலும் கடைசி வரிவரை படிப்பேன். அத்தை முதல் வரியோடு நிறுத்தியிருந்தார். அதில் மூன்று வரிகள் இருந்தன. நோய் உள்ள நூறு பேரைச் சோதித்தால் தொண்ணூறு பேரை இது காட்டிக்கொடுக்கும். நோய் இல்லாத நூறு பேரைச் சோதித்தாலும் ஒன்பது பேரை வீணாகக் கூப்பிட நேரலாம். இந்த வயதில் நூறு பேரில் ஒருவருக்கு இந்த நோய் இருக்கலாம்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நோய் உள்ளவர்களில் எத்தனை பேரைக் கூப்பிடுவார்கள் என்பது ஒரு கேள்வி. கூப்பிட்டவர்களில் எத்தனை பேருக்கு நோய் என்பது வேறு கேள்வி. சதவீதத்தில் எதன் மேல் சதவீதம் என்று முதலில் பார்க்க வேண்டும் என்று எங்கள் பாடத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்க்கவே இல்லை.

அத்தையின் பட்டன் பெட்டியை எடுத்து வந்து கூடத்தில் கவிழ்த்தேன். "அடியேய், நிறம் பிரிச்சு வச்சதுடி அது!" என்று அத்தை கத்தினார். அப்பாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். ஆயிரம் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள் அப்பா என்றேன். நூற்றுக்கு ஒருவர் என்றால் ஆயிரத்தில் பத்துப் பேருக்கு நோய். அதில் ஒன்பது பேரைச் சோதனை பிடித்துவிடும், ஒருவர் தப்பிவிடுவார். ஒன்பது கறுப்புப் பட்டனை எடுத்து வைத்தேன். மிச்சம் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு பேருக்கு நோய் இல்லை. ஆனால் அவர்களில் நூற்றுக்கு ஒன்பது பேரைச் சும்மா கூப்பிடும், அது எண்பத்தொன்பது பேர். எண்பத்தொன்பது வெள்ளைப் பட்டனை எண்ணி வைத்தேன். ஆக, கூப்பிட்டவர்கள் தொண்ணூற்றெட்டுப் பேர். அதில் நோய் உள்ளவர்கள் ஒன்பது பேர்தான்.

அத்தை குனிந்து பார்த்தார். "இவ்வளவு வெள்ளையா?" என்று கேட்டார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு குவியலில் கையை விட்டு ஒன்றை எடுத்தார். வெள்ளை. மறுபடி போட்டுக் கலக்கி எடுத்தார். வெள்ளை. ஐந்து தடவை எடுத்தார், ஐந்தும் வெள்ளை. சுருக்கமாகச் சொன்னால் எத்தனையில் ஒன்று என்று கேட்டார். தொண்ணூற்றெட்டுக்கு ஒன்பது, சுருக்கினால் ஏறக்குறைய பதினொன்றில் ஒன்று, ஒன்பது சதவீதம் என்றேன். அப்பா சிரித்தார். அந்த மூன்று நாளில் அதுதான் முதல் சிரிப்பு. "தொண்ணூறு சதவீதம் ஒன்பது சதவீதமாயிடுச்சு அக்கா! என் பொண்ணு ஒரே மூச்சுல பத்துல ஒரு பங்காக்கிட்டா!" என்று அத்தையிடம் சொன்னார். அத்தை என் தலையில் கையை வைத்தார், திட்டவில்லை.

எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா அம்மா? பள்ளிக்கூடத்தில் படிப்பது வீட்டுக்கு உதவுகிறது என்று நினைத்தேன். அன்று நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த சோதனைக்கு அப்பாவுக்கு ஒரு வியாழக்கிழமை கொடுத்திருந்தார்கள். மயக்க மருந்து கொடுத்து, குழாய் வழியாகக் குடலுக்குள் நேராகவே பார்ப்பார்களாம். நான் பள்ளிக்கூடம் விட்டு ஓடி வந்தேன். அப்பா படுத்திருப்பார் என்று நினைத்தேன். வீட்டில் அத்தை மட்டும் தைத்துக்கொண்டிருந்தார். அப்பா எங்கே என்றேன். "டூட்டிக்குப் போயிருக்கான்" என்றார். எனக்குப் புரியவில்லை. மறுபடி கேட்டேன். "அதான் நீ கணக்குப் போட்டு ஒண்ணும் இல்லைன்னுட்டியே. வேணாம்னு போன் பண்ணிச் சொல்லிட்டான்" என்றார் அத்தை, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே.

நான் ஒன்றும் இல்லை என்று சொல்லவே இல்லை. பதினொன்றில் ஒன்று என்றுதானே சொன்னேன்!

அப்பா வந்ததும் கேட்டேன். அவர் கோபப்படவில்லை, சந்தோஷமாகவே பதில் சொன்னார். லைனில் எல்லோரிடமும் என் கணக்கைச் சொன்னாராம். சாப்பாட்டு அறை மேஜையில் பாட்டில் மூடிகளைப் பரப்பி, நான் பட்டனில் காட்டியதை அப்படியே காட்டினாராம். "வாத்தியாரம்மா, உன் கணக்கு தொழிற்சாலை முழுக்க ஓடுது. சூளைப் பக்கம் இருக்கிறவனுங்ககூட வந்து கேட்டுட்டுப் போறானுங்க" என்றார். அப்படிக் கேட்டவர்கள் என்ன செய்தார்கள் என்றேன். இருபத்திரண்டு பேரில் மூன்று பேர்தான் சோதனைக்குப் போனார்கள் என்றார். மற்ற எல்லோரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அம்மா, உடனே மனதுக்குள் கணக்குப் போட்டேன். இருபத்திரண்டு. பதினொன்றில் ஒன்று என்றால் இருபத்திரண்டில் இரண்டு. கொஞ்சம் கூடலாம், கொஞ்சம் குறையலாம், ஆனால் கணக்கு இரண்டு என்கிறது. அந்த இரண்டு பேர் யார் என்று எந்தக் கணக்கும் சொல்லாது. நான் சுருக்கிக் கொடுத்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவரும் அது நான் இல்லை என்று வீட்டுக்குப் போய்விட்டார்கள். இதை அப்பாவிடம் சொன்னேன். "சரி சரி, அப்புறம் பார்க்கலாம், லாரி லோடு ஏத்தி முடியட்டும்" என்றார். அப்பா எதற்கும் அப்புறம் என்று சொல்கிறவர் இல்லையே.

அதற்கடுத்த வாரம் பேக்கிங் மாமாவின் வீட்டம்மா, பிள்ளையின் சீருடையைச் சிறியதாக்கித் தரச் சொல்லி அத்தையிடம் வந்தார். சோதனைக்குப் போன மூன்று பேரில் மாமாவும் ஒருவர். கணக்கைக் கேட்டதும் அவரும் போவதாக இல்லை, வீட்டம்மாதான் சண்டை போட்டு அனுப்பியிருக்கிறார். தைக்கக் கொண்டுவந்த துணியை மடியில் வைத்துக்கொண்டு அவர் சாதாரணமாகத்தான் ஆரம்பித்தார். மாமாவுக்கு இருக்கிறதாம். ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறார்களாம். "சின்னதா இருக்கும்போதே பார்த்துட்டோம், எடுத்துட்டா சரியாயிடும்னு டாக்டர் சொன்னார். உள்ளுக்குள்ள இத்தனை நாள் ஒரு வலியும் இல்லை அக்கா, பாட்டுப் பாடிக்கிட்டுத்தானே இருந்தார்" என்று சொன்னார். சீருடையின் அளவைச் சொல்லாமலே எழுந்து போய்விட்டார்.

இதைக் கேட்டால் அப்பா மறுநாளே ஓடுவார் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அன்று சாயங்காலம் அப்பா வந்து, முகம் கழுவிவிட்டு, துண்டால் துடைத்துக்கொண்டே என்ன சொன்னார் தெரியுமா? "பாவம், அவனுக்குப் போய் வந்துடுச்சு. ஆனா பதினொண்ணுல ஒண்ணுன்னு நீ சொன்னது கரெக்டா வந்துடுச்சு பார். அந்த ஒண்ணு ஆயாச்சு. இனிமே எங்களுக்கு இல்லை" என்றார். லைனில் எல்லோரும் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்களாம். கறுப்பு மூடி எடுத்தாகிவிட்டது என்று யாரோ சொன்னார்களாம்.

அப்பா பாட்டில்களை நூறு நூறாக எண்ணிப் பழகியவர், எனக்கே சதவீதம் சொல்லிக் கொடுத்தவர். அவர் இப்படிப் பேசுகிறார். நான் தொண்ணூற்றெட்டில் ஒன்பது என்பதைச் சுருக்காமலே விட்டிருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் சுருக்காவிட்டால் மதிப்பெண் குறைப்பார்கள், அந்தப் பழக்கத்தில் சுருக்கிவிட்டேன். பதினொன்று என்றதும் அவர்கள் பதினொரு ஆட்களைக் கண்ணால் பார்த்துவிட்டார்கள். அதில் ஒருவரைக் கழித்ததும் மிச்சம் பத்துப் பேரும் தப்பித்துவிட்டார்கள். "அப்பா, பெட்டியில் இன்னும் எட்டுக் கறுப்பு இருக்கு" என்றேன். "தொண்ணூத்தேழுல எட்டு. ஒன்பது சதவீதம் எட்டாச்சு, அவ்வளவுதான். அதுவும் பட்டனுக்குத்தான் அந்தக் கணக்கு. ஆளுக்கு ஆள் உடம்பு வேற. மாமா உடம்புல இருக்கிறதால உங்க உடம்புல இல்லாமப் போயிடுமா?" என்றேன். "போய்ப் படி" என்றார் அப்பா. அவ்வளவுதான்.

சனிக்கிழமை நடந்ததை எழுத எனக்குக் கொஞ்சம் தயக்கம். இருந்தாலும் எழுதுகிறேன். அப்பா மூக்குக் கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போய்விட்டார். கண்ணாடி இல்லாமல் அவர் பாட்டிலை எப்படிப் பார்ப்பார்? அத்தை அதை என்னிடம் கொடுத்தனுப்பினார். வாசல் காவலர் என்னைத் தெரிந்தவர், உள்ளே விட்டார். அப்பாவின் சோதனை மேஜை லாரியில் சரக்கு ஏற்றும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. வெள்ளைப் பலகைக்குப் பின்னால் விளக்கு எரிகிறது. அதற்கு முன்னால் இருமல் மருந்து பாட்டில்கள் வரிசையாக நின்றன. அப்பாவைச் சுற்றிப் பெரிய சத்தம். லாரி டிரைவர் ஒரு பக்கம், சூப்பர்வைசர் ஒரு பக்கம். ஒரு லாட்டில், அதாவது ஒரே தொகுதியில், ஐம்பது பாட்டில் எடுத்துப் பார்த்ததில் இரண்டின் கழுத்தில் முடி மாதிரி கீறல். அப்பா லாட்டையே நிறுத்திவிட்டார்.

சூப்பர்வைசர், "அம்பதுல ரெண்டுதானேய்யா! நாப்பத்தெட்டு நல்லாத்தானே இருக்கு, ஏத்தி விடு" என்று கத்தினார். லாரி டிரைவர், "நான் மூணு ஊர் தாண்டணும் செக்கரே, இங்கேயே குடித்தனம் வைக்கச் சொல்றீங்களா?" என்றார். அப்பா குரலை உயர்த்தவே இல்லை. "அம்பதுல ரெண்டுன்னா நாலு சதவீதம் சார். லாட்டுல இருபதாயிரம் பாட்டில். எண்ணூறு பாட்டில் கீறலோட போகும். எந்த எண்ணூறுன்னு காட்டுங்க, அதை எடுத்து வச்சிட்டு மிச்சத்தை இப்பவே ஏத்துறேன். எதுன்னு தெரியலைன்னா, எல்லாத்தையும் பார்த்துத்தான் சார் ஆகணும்" என்றார்.

அம்மா, நான் பேசியிருக்கக் கூடாது. பெரியவர்கள் இருக்கும் இடம், அப்பா வேலை செய்யும் இடம். ஆனால் என் வாய் தானாகவே பேசிவிட்டது. "அப்பா, நாலு சதவீதத்துக்கு லாரியையே நிறுத்துறீங்க. உங்களுக்கு ஒன்பது சதவீதம். நீங்க பார்க்க மாட்டீங்களா?" என்று கேட்டேன். எல்லோருக்கும் கேட்டுவிட்டது. பக்கத்து லைனில் இருந்த அந்த இருபத்திரண்டில் சிலருக்கும் கேட்டிருக்கும், அவர்கள் கை நின்றதைப் பார்த்தேன். டிரைவர் மட்டும், "பொண்ணு உங்களையே நிறுத்திட்டாளே செக்கரே!" என்று சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

அப்பா என்னைப் பார்த்தார். முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. "வீட்டுக்குப் போடி" என்று கத்தினார். என்னை அப்பா போடி என்று சொன்னது இதுதான் முதல் தடவை. மூக்குக் கண்ணாடியை மேஜையில் வைத்துவிட்டு நடந்தேன். வாசல் காவலர் ஏதோ கேட்டார், என்ன கேட்டார் என்று இப்போதும் தெரியாது. வீடு வந்து சேர்ந்த பிறகுதான், கண்ணாடியின் உறையைக் கையிலேயே கசக்கிக்கொண்டு வந்திருக்கிறேன் என்று பார்த்தேன்.

அன்று அப்பா வழக்கமான நேரத்துக்கு வரவில்லை. அத்தை என்னைத் திட்டினார், பிறகு அப்பாவைத் திட்டினார், பிறகு உங்களைத் திட்டினார், ஏன் என்று தெரியவில்லை. அப்பா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் புத்தகத்தை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டேன். "பதினொண்ணுல ஒண்ணு ஆயாச்சு, இனிமே இல்லைன்னு சொன்னது தப்புன்னு எனக்குத் தெரியாதாம்மா? இருபது வருஷமா இதைத்தானே பார்க்கறேன்" என்றார். பிறகு ஏன் அப்பா என்றேன். "கணக்கு எனக்குக் கைப்பிடி மாதிரி கிடைச்சுது. பிடிச்சுக்கிட்டேன். விட்டா விழுந்துடுவேன்னு இருந்துச்சு" என்றார்.

அப்பா பயந்துபோயிருந்தார், அம்மா. அது எனக்குத் தோன்றவே இல்லை. அப்பாவுக்குக் கணக்குப் புரியவில்லை என்று நினைத்துத் திரும்பத் திரும்பக் கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா உங்கம்மா அடுத்த வண்டியிலேயே வந்து நிப்பா. அவ பார்த்துக்கற அம்மாவுக்கும் யாரும் இல்லை. ரிசல்ட் தெரிஞ்சு சொல்லிக்கலாம்" என்றார். நான் சரி என்று தலையாட்டினேன். தலையாட்டியதையும் உண்மையாக எழுதிவிடுகிறேன். இதோ இப்போது அதை மீறுகிறேன்.

திங்கட்கிழமை அப்பா மறுபடி பெயர் கொடுத்தார். அத்தோடு நிற்கவில்லை. ஷிப்ட் மாறும் நேரத்தில் வாசலில் நின்று, போகிறவர் வருகிறவரை எல்லாம் நிறுத்திப் பேசியிருக்கிறார். "என் பொண்ணு கணக்கு சரி, நான் சொன்னதுதான் தப்பு. நாம எல்லாரும் ஹோல்டுல நிறுத்தி வச்சிருக்கற லாட்டுய்யா, பார்க்காம ஏத்தக் கூடாது" என்றாராம். மிச்சம் இருந்த பத்தொன்பது பேரில் பதினைந்து பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். நான்கு பேர் இன்னும் மாட்டேன் என்கிறார்கள். அதில் ஒருவர், சிறு பெண் பேச்சைக் கேட்டுப் போகாமல் இருந்தோம், அதே சிறு பெண் பேச்சைக் கேட்டுப் போகவும் வேண்டுமா என்று கேட்டாராம். அவருக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். பேக்கிங் மாமாவுக்கு ஆபரேஷன் முடிந்துவிட்டது. மெதுவாகப் பேசுகிறாராம், பாட்டு இன்னும் வரவில்லை.

அப்பாவுக்கு நாளைக்குக் காலையில் சோதனை. அத்தை கூடப் போகிறார். என்னைப் பள்ளிக்கூடம் போகச் சொல்லிவிட்டார்கள். குடலைக் கழுவ ஒரு பொடி கொடுத்திருக்கிறார்கள். ஒரு பாக்கெட்டை இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்து, கால் மணிக்கு ஒரு டம்ளர் என்று குடிக்க வேண்டும். நம் டம்ளர் கால் லிட்டர் பிடிக்கும் என்று அளந்து பார்த்தேன். எட்டு டம்ளர், இரண்டு மணி நேரம். நான்தான் கரைத்தேன். கரைக்கும் முன் பாக்கெட்டில் இருந்த அளவை மறுபடி படித்தேன். இனிமேல் எந்த எண்ணைச் சொல்லும் முன்பும் இரண்டு தடவை பார்ப்பேன். மூன்றாவது டம்ளருக்கு மேல் அப்பா குளியலறைக்கும் கூடத்துக்கும் நடையாக நடந்தார். அத்தை, "போற பாதையை விட்டு விலகாதடா, நடுவுல என் தையல் மிஷின் இருக்கு" என்று சொல்ல, அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அப்பாவின் சட்டை கழுத்தில் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று கண்ணில் பட்டது. அது முன்பே தளர்ந்துதான் இருந்ததா? எனக்கு நினைவில்லை. உங்களுக்கு நினைவிருக்கும்.

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது முடிவு தெரிந்திருக்கும். நீங்கள் இதைப் படிப்பது எந்த மாதிரி நாளில் என்று எனக்குத் தெரியாது. ஒன்பது சதவீதம் சிறியது என்று அன்று நானேதான் பட்டனைக் குவித்துக் காட்டினேன். இன்று அதே ஒன்பது அறை முழுவதும் உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் ஒரே எண்தான், அம்மா. எனக்கு இது புத்தகத்தில் கிடைக்கவில்லை.

அப்பாவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் எழுதினேன் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளுங்கள், திட்டு வாங்கிக்கொள்கிறேன். நீங்கள் வேலையை விட்டுவிட்டு வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்த அம்மாளைத் தனியாக விடக் கூடாது என்பதும் தெரியும். அங்கிருந்து இங்கே வருகிற வண்டி காலையிலா, இரவிலா என்று மட்டும் எழுதுங்கள். தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். ஒருவேளை வந்தால், பள்ளிக்கூடத்தில் சொல்லி அனுப்பினால் போதும், நான் ஓடி வந்துவிடுவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்காக நீங்களும் வேண்டிக்கொள்ளுங்கள், ஒருவர் வேண்டுவதைவிட இரண்டு பேர் வேண்டுவது நல்லதுதானே.

உங்கள் பாதம் தொட்டு வணங்கும்,
உங்கள் மகள்.

பி.கு.: எட்டாவது டம்ளரும் முடிந்தது. டம்ளரைக் கவிழ்த்துக் காட்டிவிட்டு, யாருக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறாய் என்று அப்பா கேட்டார். சிநேகிதிக்கு என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "சிநேகிதியை நான் ரொம்பக் கேட்டதா எழுது" என்று சொல்லிவிட்டு, விளக்கை அணைத்துவிட்டார். இந்த வரியை இருட்டில்தான் எழுதுகிறேன், கோணலாக இருந்தால் மன்னியுங்கள்.